குரோனோ டிரிக்கரில் நிலமும் பொழுதும்: ஒரு மறுநோக்கு

1. ஆய்வுப் பொருள்

நிலமும் பொழுதும் முதற்பொருள் எனத் தொல்காப்பியர் வகுத்தனர் என்பது தமிழ் கற்றார் யாவரும் அறிந்ததே. பொழுதினைப் பெரும்பொழுது ஆறாகவும் சிறுபொழுதுகளாகவும் பகுத்துக் காண்பது நம் மரபு. ஆண்டின் பருவமும் நாளின் கூறும் அப்பகுப்பில் அடங்கும். ஆயின் ஒரு நிலம் பல நூற்றாண்டுகளில் என்னாகின்றது, அம்மாற்றத்திற்கு மாந்தர் செயல் எவ்வளவு காரணமாகின்றது என்னும் வினாவையும் அக்கோட்பாட்டின் வழிநின்று எழுப்புதல் கூடும். அவ்வாறு எழுப்புதற்கு ஏற்ற இடமாக ஒரு காணொளி விளையாட்டு அமைந்துள்ளது என்று கூறின், தமிழாராய்ச்சிக்கு உரிய இதழில் இதற்கு இடம் யாது எனச் சிலர் வினவக்கூடும்.

அவ்வினா நேரியதே. அதற்கு விடை, பொருளின் பெயரால் அன்றிப் பொருளின் தன்மையால் பெறத்தக்கது. கதையும், கதைமாந்தரும், மெய்ப்பாடும், அறமும் ஒரு படைப்பில் உளவாயின், அது ஏட்டில் எழுதப்பெற்றதோ கூத்தில் ஆடப்பெற்றதோ திரையில் இயக்கப்பெறுவதோ என்பது இரண்டாவது வினாவே. கூத்தையும் நம் முன்னோர் முத்தமிழுள் ஒன்றாகவே வைத்தனர். எனவே, ‘குரோனோ டிரிக்கர்’ என்னும் ஜப்பானிய விளையாட்டை மீண்டும் எடுத்து நோக்கி, அதன் நிலமும் பொழுதும் எவ்வாறு இயைந்துள்ளன என்பதனை ஈண்டு ஆராய்வாம். ஜப்பானியர் தமிழ் இலக்கணம் கற்று இதனை ஆக்கினர் என்பது எம் கூற்றன்று. நம் இலக்கணக் கண்கொண்டு நோக்குங்கால் அதன்கண் விளங்கித் தோன்றுவது யாது என்பதே எம் நோக்கம்.

2. ஆக்கமும் வரலாறும்

குரோனோ டிரிக்கர் 1995-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11-ஆம் நாள் ஜப்பானில் வெளிவந்தது. ஸ்கொயர் நிறுவனம் நிண்டெண்டோவின் ‘சூப்பர் ஃபேமிகாம்’ கருவிக்கென இதனை ஆக்கியது. ஆடுவோர் ஒரு கதைமாந்தராகத் தம்மைக் கருதிக்கொண்டு, ஊர்தோறும் சென்று, பலரொடு பேசி, பகைவரை வென்று, படிப்படியாக ஆற்றல் பெறும் வகையைச் சார்ந்தது இது.

இவ்வகையில் இரு பெருந்தொடர்கள் ஜப்பானில் அதற்கு முன்னரே புகழ் பெற்றிருந்தன. 1986-இல் தொடங்கிய ‘டிராகன் குவெஸ்ட்’ யூஜி ஹோரியின் படைப்பு; 1987-இல் தொடங்கிய ‘ஃபைனல் ஃபேண்டஸி’ ஹிரோனோபு சகாகுச்சியின் படைப்பு. போட்டி நிறுவனங்களின் தொடர்களை ஆக்கிய இவ்விருவரும் இவ்வொரு பணியில் ஒன்றுகூடினர். மாந்தர்க்கு உருவம் வரைந்தவர் ‘டிராகன் பால்’ சித்திரக்கதையால் உலகறிந்த அகிரா டோரியாமா. அவர் 2024-இல் மறைந்தார். கதையமைப்பில் மசாட்டோ காட்டோவின் பங்கு பெரிது. இசையில் பெரும்பகுதியை யசுனோரி மிட்சுதா என்னும் இளைஞர் அமைத்தார். அவர் நோயுற்ற காலை நோபுவோ உவேமட்சு துணைநின்றார்.

இத்துணையும் 32 மெகாபிட் கொள்ளளவுடைய ஒரு கேசட்டில், அஃதாவது இன்றைய கணக்கில் 4 மெகாபைட்டில் அடங்கின. இன்று கைப்பேசியில் எடுக்கும் நிழற்படம் ஒன்றே அவ்வளவு இடங்கொள்ளும். சுருக்கம் இப்படைப்பிற்குக் குறையாகாது, செறிவாகியது என்க.

1990-களில் நம் நகரங்களிலும் புறநகர்களிலும் பெரிதும் புழங்கியவை, நிண்டெண்டோவின் பழைய எட்டு பிட் கருவியைப் பார்த்துச் செய்த போலிக் கருவிகளே. அவற்றில் ஓடுதலும் தாவுதலும் சுடுதலுமாகிய ஆட்டங்களே மிகுதி. நெடுங்கதை கூறும் இவ்வகை, நம் இளைஞர்க்குக் காலந்தாழ்ந்தே எட்டியது. 1999-இல் பிளேஸ்டேஷனிலும், 2008-இல் நிண்டெண்டோ டிஎஸ் கருவியிலும், பின்னர்க் கைப்பேசியிலும், 2018-இல் கணினியிலும் இது மறுபதிப்புப் பெற்றது. எனவே, நம்மவருள் பலர்க்கு இதன் முதல் நோக்கே ஒரு மறுநோக்குத்தான்.

3. நிலம் ஒன்று, பொழுது ஆறு

கதையைச் சுருங்கக் கூறுவாம். கார்டியா நாட்டின் ஆயிரமாவது ஆண்டு விழாவில் குரோனோ என்னும் இளைஞன் மார்லி என்னும் பெண்ணைக் காண்கின்றான். அவள் அந்நாட்டு இளவரசி என்பதைப் பின்னரே அறிகின்றான். அவன் தோழி லுக்கா ஆக்கிய பொறி பிறழவே, மார்லி நானூறு ஆண்டுகட்கு முற்பட்ட காலத்திற்கு ஈர்க்கப்படுகின்றாள். அவளை மீட்கச் செல்லுமிடத்துக் காலவாயில்கள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. பின்னொருகால் அவர்கள் கி.பி. 2300-ஐ அடைந்து, உலகம் பாழ்பட்டுக் கிடப்பதைக் காண்கின்றனர். 1999-இல் நிலத்தினடியினின்று எழுந்த லாவோஸ் என்னும் பேருயிரே அவ்வழிவுக்குக் காரணம் என்று அறிந்து, அதனைத் தடுக்க உறுதி பூணுகின்றனர்.

கதை நிகழும் காலங்கள் கி.மு. 6,50,00,000, கி.மு. 12,000, கி.பி. 600, 1000, 1999, 2300 என ஆறு. பெரும்பொழுதும் ஆறாதல் தற்செயலான எண்ணொற்றுமையே. அதன்மேல் யாதும் கட்டுதற்கில்லை. கருதத்தக்கது பிறிதொன்று. இவ்வகை விளையாட்டுகளில் தலைவன் நாடு கடந்து நாடு செல்வான். புதுமை வேண்டின் புதுநிலம் வரும். குரோனோ டிரிக்கரிலோ நிலம் ஒன்றே. மலையும் கடலும் ஆறும் காலந்தோறும் உருமாறி நிற்க, ஆடுவோர் அவ்வொரு நிலத்தையே மீண்டும் மீண்டும் மிதிக்கின்றனர். ஒரு காலத்தில் ஊராக இருந்தது மற்றொரு காலத்தில் இடிபாடாகக் கிடக்கின்றது. எனவே இதன்கண் பயணம் என்பது இடப்பெயர்ச்சி அன்று. ஓரிடத்தை ஆழ்ந்து நோக்குதலே.

இந்நோக்கு எத்தகையது என்பதனை விளக்க, சென்னைக்கு மேற்கே உள்ள நிலத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்னும் இப்பகுதிக்கு வடமேற்கே, கொசத்தலையாற்றுப் பக்கத்தே அத்திரம்பாக்கம் உளது. அங்கு இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் கற்கருவிகளைக் கண்டார். அவற்றுள் தொன்மையானவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமையுடையன என 2011-இல் வெளிவந்த ஆராய்ச்சி நிறுவியது. பதினோராம் நூற்றாண்டில் பூவிருந்தவல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பிகள் பூந்தோட்டம் வளர்த்து, மலர் தொடுத்துக் காஞ்சி வரதர்க்குச் சாத்தினார் என்பது வைணவ மரபு. 1955-இல் ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு சமதர்மப் பாங்கான சமுதாயம் அமைக்கத் தீர்மானித்தது. 1961-இல் அங்குக் கனரக ஊர்தித் தொழிற்சாலையும், 1964-இல் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் தோன்றின. அம்பத்தூர் ஏரியும் கொரட்டூர் ஏரியும் இன்றும் உள; அவற்றின் நீர் பாய்ந்த வயல்களோ ஆலைகளும் வீடுகளும் ஆயின. ஏரி கொள்ளாத மழை பெய்யுங்கால், நீர் தன் பழைய வயலைத் தேடி வருவதை 2015 திசம்பரில் இப்பகுதியினர் கண்டனர்.

நிலம் தன் பழம்பொழுதுகளை மறப்பதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. இங்கு வாழ்வோர் கண்ணுக்கு இந்நிலம் இன்றைய ஒரு பொழுதிலேயே தோன்றுகின்றது. மனையாகவும் விலையாகவும் தோன்றுகின்றது. ஒரு நிலத்தின் பல பொழுதுகளை ஒருங்கே காணும் பார்வையைக் கதைவழிப் பயிற்றுவதே குரோனோ டிரிக்கரின் முதற்சிறப்பு என்பது எம் கருத்து.

4. பாலை முல்லையாதல்

இனி, இப்படைப்பின் நடுநாயகமாகிய நிகழ்ச்சியைக் காண்பாம்.

கி.பி. 600-இல் ஒரு பாலைநிலம் உளது. அதன் அருகே ஃபியோனா என்பவள் வாழ்கின்றாள். அவள் கணவன் மார்கோ போர்மேற் சென்றவன். காடாக இருந்த நிலம் மணலாகிவிட்டதே என வருந்தும் அவள், அதனை மீண்டும் காடாக்க விழைகின்றாள். மணலடியில் வாழ்ந்து நிலத்தைக் கெடுக்கும் உயிரைத் தலைவனும் தோழரும் கொல்கின்றனர். ஆயினும் மரம் ஒரு நாளில் வளர்வதன்று. மாந்தர் வாழ்நாள் அதற்குப் போதாது. அந்நிலையில் ரோபோ என்னும் எந்திரத் தோழன் தான் அங்குத் தங்கி உழைப்பதாகக் கூறுகின்றான். தோழர் அவனை விடுத்துக் காலவூர்தி ஏறி, கி.பி. 1000-ஐ அடைகின்றனர். மணல் இருந்த இடத்தில் பெருங்காடு நிற்கின்றது. காட்டினுள் ஃபியோனாவின் பெயரால் ஒரு கோயில் உளது. அதனுள், இயக்கம் நின்று, போற்றப்படும் பொருளாக ரோபோ இருக்கின்றான். தோழர்க்கு அது நொடிப்பொழுது; அவனுக்கு நானூறு ஆண்டு.

பாலைக்குத் தனிநிலம் இல்லை என்பதும், முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்பதும் சிலப்பதிகாரத்தால் நாம் அறிவன. திரிந்தது மீளுமா என்னும் வினா அதனுள் அடங்கியுள்ளது. வேனில் நீங்கிக் கார் வரின் மீளும் என்பது பருவம் பற்றிய விடை. பருவத்தால் மீளாத பாலையும் உண்டு. அது செயலால் மீளவேண்டும் என்பது இந்நிகழ்ச்சி தரும் விடை.

இதனினும் நுண்ணியது உரிப்பொருட் பொருத்தம். பாலைக்கு உரியது பிரிதல். முல்லைக்கு உரியது இருத்தல். பிரிந்தார் வருந்துணையும் ஆற்றியிருத்தலே முல்லையொழுக்கம். ரோபோ பாலைநிலத்தில் தோழரைப் பிரிகின்றான். நானூறு ஆண்டு ஆற்றி இருக்கின்றான். அவன் இருந்த இருப்பே அந்நிலத்தை முல்லையாக்குகின்றது. உரிப்பொருள் மாற நிலம் மாறுகின்றது. நிலத்தின்கண் ஒழுக்கம் தோன்றும் என்பது நாம் கற்ற முறை. ஒழுக்கத்தினின்று நிலம் தோன்றுதலை ஈண்டுக் காண்கின்றோம். போர்மேற் சென்ற கணவன் வரவு நோக்கியிருந்த ஃபியோனாவின் இல்லத்தருகே இது நிகழ்வது அப்பொருத்தத்தை மேலும் வலியுறுத்துகின்றது.

அகத்திணை தலைவன் தலைவியரிடை நிகழும் அன்பிற்கே உரியது, தோழமைக்கு உரியதன்று என ஒருவர் தடை கூறலாம். அது பொருந்திய தடையே. திணையினை ஈண்டு ஒப்புமை பற்றியே எடுத்தாண்டோம். ஆயினும், வினைமேற் சென்று தேரேறி மீளும் தலைவன் நிலையில் ஆடுவோர் நிற்பதை நோக்குக. முல்லைப் பாட்டுகளில் மீள்வோனுக்கு வழி விரைந்து கழிய, இருப்போளுக்கு மாலை கழிவதில்லை. அவ்வேறுபாட்டையே இவ்விளையாட்டு ஆடுவோரின் கையில் வைத்து உணர்த்துகின்றது. காலவூர்தியை இயக்கியவர் அவரே. நண்பனை விட்டு வந்தவரும் அவரே. காடு கண்டு எழும் உவகையும், செயலற்ற நண்பனைக் கண்டு எழும் அழுகையும் ஒருங்கே தோன்றுதற்குக் காரணம் இதுவே. நண்பரிருவர் சேர்ந்து தாக்கும் இணைத்திறன்கள் போரில் அமைந்திருத்தலால், அவ்விழப்பு ஆடுவோர்க்குச் சொல்லளவில் நில்லாது பழக்கத்தின் இழப்பாகவும் படுகின்றது.

அன்றிரவு காட்டினுள் தீமூட்டி அமர்ந்து தோழர் பேசுகின்றனர். காலவாயில்களைத் திறந்தது லாவோஸ் அன்று, தன் பழைய நாள்களை மீண்டும் காண விழைந்த வேறோர் உயிராக இருக்கலாம் என ரோபோ கருதுகின்றான். அவ்வுயிர் நிலமே என்று கொள்ளுதற்கு இடமுண்டு. ஆசிரியர் அதனை வெளிப்படக் கூறாது விட்டமை பாராட்டத்தக்கது.

5. ஒரு குறை

இத்துணைச் சிறப்புடைய நிகழ்ச்சியிலும் ஒரு குறை உளது. நானூறு ஆண்டு உழைத்தவன் சாவில்லாத எந்திரன். மாந்தரால் இயலாதது என்று கதை கருதியமையாலேயே அப்பணி அவன் தலைமேல் விழுந்தது. ஆடுவோரோ பயனை மட்டும் காண்கின்றார். ஒரு மரத்தையும் நட்டிலர். மண்ணைத் திருத்தும் நெடும்பணியைப் பிறன்மேல் ஏற்றி, அதன் நிழலில் நாம் அமர்தல் என்னும் ஆசைக்கு இக்கதை இடந்தருகின்றது. பொறி வந்து நம் ஏரிகளைத் தூர்வாரிவிடும், பொறி வந்து நம் காற்றைத் தூய்மையாக்கிவிடும் எனக் காத்திருப்போர்க்கு இஃது இனிய கனவாகும். அக்கனவு கதைக்கு அழகு தரலாம், நிலத்திற்குக் காவலாகாது.

நம் நாட்டில் ரோபோ இலன். ஆயினும் நானூறு ஆண்டு இருத்தல் இங்கு நிகழ்ந்ததுண்டு. காஞ்சிபுர மாவட்டத்து உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்தன, ஏரி வாரியத்திற்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கூறுகின்றன. ஏரியைக் காத்தவர் ஒருவர் அல்லர். ஆண்டுதோறும் மாறிய உறுப்பினர். ஆள் மாற, பணி மாறவில்லை. பின்னர்க் குடிமராமத்து என வழங்கியதும் அத்தகைய ஊர்ப்பணியே. சாவில்லாத ஓருயிர் செய்ததைச் சாவுடைய பலர் கைம்மாற்றிச் செய்தனர். அதுவே மாந்தர்க்கு இயன்ற இருத்தல்.

6. பொர்ரே ஊர்ப் பெண்

இக்குறைக்கு மாற்றும் அப்படைப்பினுள்ளேயே உளது. அது பலரும் புகழாத சிறு நிகழ்ச்சி.

விளையாட்டின் தொடக்கத்தில் நிகழும் வழக்கு யாவரும் புகழ்வது. விழாக்களத்தில் குரோனோ செய்த சிறுசெயல்கள், பிறர் உணவை உண்டமையும் சிறுமியின் பூனையைத் தேடித் தந்தமையும் போல்வன, பின்னர் வழக்குமன்றத்தில் சான்றாக வருகின்றன. ஒருவரும் காணவில்லை என்று ஆடுவோர் செய்தது கணக்கில் ஏறிவிடுகின்றது. வினைப்பயன் தப்பாது வரும் என்னும் கொள்கையைக் காட்டும் இவ்வமைப்பு நம்மவர்க்குப் பெரிதும் உவப்பாகும். எனினும் தீர்ப்பு எதுவாயினும் குரோனோ சிறை புகுகின்றான். எனவே அது வியப்பளவிலேயே நிற்கின்றது.

பொர்ரே ஊர் நிகழ்ச்சி அத்தகையதன்று. தொல்பழங்காலத்தில் ஒரு குகையில் வைத்த சந்திரக்கல், கோடிக்கணக்கான ஆண்டுகள் கதிரொளி உண்டு, 2300-இல் சூரியக்கல்லாக முதிர வேண்டும். இடையே, கி.பி. 1000-இல், அக்கல் பொர்ரே ஊர்த்தலைவன் வீட்டை அடைகின்றது. அவன் கடும் கருமி, தருகிலன். வாளால் பெறும் வழியும் இல்லை. தோழர் கி.பி. 600-க்குச் சென்று, அவ்வூர்ப் பெரியவர் இல்லத்துப் பெண்ணுக்கு உலர்ந்த இறைச்சியை விலை பெறாது கொடுக்கின்றனர். அவள் நெகிழ்ந்து, தன் மக்களுக்கு ஈகையைக் கற்பிப்பதாகக் கூறுகின்றாள். மீண்டு வந்து காணின், அவள் வழித்தோன்றலாகிய ஊர்த்தலைவன் ஈகையாளனாக இருக்கின்றான். கல்லைத் தானே தருகின்றான்.

இங்கும் இடைப்பட்டது நானூறு ஆண்டே. ஃபியோனாவின் காட்டை ஓர் எந்திரன் அந்நானூறு ஆண்டும் வளர்த்தான். பொர்ரே ஊரிலோ தாய் மகற்குக் கூற, அவன் தன் மகற்குக் கூற, பெயர் அறியாப் பலர் ஒரு பண்பைச் சுமந்து வந்தனர். அவர்களுள் ஒருவரையும் விளையாட்டு நமக்குக் காட்டவில்லை. முதலில் கொடுத்த கையும், இறுதியில் தந்த கையும் மட்டும் தோன்றுகின்றன. நடுவே உள்ள தலைமுறைகள் யாவும் மறைந்துள்ளன. மரபு என்பது அங்ஙனமே இயங்குவது. காட்டின் பெருமை கண்ணுக்குத் தெரிகின்றது. மரபின் பெருமையோ விளைவால் உய்த்துணரத்தக்கது. ஆதலின், கலையழகால் ஃபியோனாவின் காடு சிறந்தது. வாழ்க்கைக்கு அணிமையால் பொர்ரே ஊரே சிறந்தது எனத் துணிகின்றோம்.

7. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. குரோனோ டிரிக்கர் நிலத்தை ஒன்றாக நிறுத்திப் பொழுதைப் பலவாக்கியமையால், முதற்பொருளையே கதைத்தலைமை பெறச் செய்தது. பிரிதலினின்று இருத்தலுக்கும், பாலையினின்று முல்லைக்கும் செல்லும் நெறியை அது ஆடுவோரின் செயல்வழி உணர்த்துகின்றது. நெடும்பணியை எந்திரன்மேல் ஏற்றியது அதன் குறை. அக்குறையைத் தலைமுறைகளின் கைம்மாற்றால் நிரப்பும் சிறு நிகழ்ச்சியும் அதன்கண் உண்டு.

முப்பது ஆண்டு கடந்த ஒரு விளையாட்டை மீண்டும் நோக்குவோர் பெரும்பாலும் தம் இளமையை நினைந்தே அதனைப் போற்றுவர். அப்போற்றுதல் அன்பின்பாற்பட்டதேயாயினும் திறனாய்வாகாது. படைப்பு தன்னளவில் எதனைக் காட்டுகின்றது, எதனை மறைக்கின்றது என்று காண்பதே திறனாய்வு. கதையில் 1999-இன் அழிவைத் தடுத்தோர், அதனைப் பின்னொரு காலத்திற்குச் சென்று கண்டமையாலேயே தடுத்தனர். நமக்கு அக்காலவூர்தி இல்லை. முன்னோர் விட்டுச்சென்ற ஏரியும் கல்வெட்டும் பெயருமே உள. கொரட்டூர் ஏரிக்கரையில் நிற்கும் மாணாக்கர் ஒருவர், அந்நீரை இன்றைய நீராக மட்டும் நோக்காது, அது பாய்ந்த வயலையும், இனி அதனைக் காக்கவேண்டியோரையும் ஒருங்கே நினைப்பராயின், முதற்பொருள் என்பதன் பொருளை அவர் நூலினின்று மட்டுமன்றி நிலத்தினின்றும் கற்றவராவர். அதற்கு ஒரு விளையாட்டும் துணைசெய்யுமாயின், தமிழாராய்ச்சி அதனைப் புறந்தள்ளுதற்குக் காரணம் இல்லை.